ஓடாத லேத்

எங்கள் கல்லூரி லேத் மெஷினை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அதன் மேல் போர்த்திக் கிடந்த நீலத் தார்ப்பாய்தான். திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சின்னத் தொழில்நுட்பக் கல்லூரி அது. மூன்று வகுப்பறை, ஒரு ஒர்க்‌ஷாப், அதில் இரும்பு கடைய ஒரே ஒரு லேத். துடைப்பதற்கும், ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கும் மட்டும்தான் எங்களைத் தொட விடுவார்கள். மற்ற நாளெல்லாம் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான். படிக்க வந்தோமா, சாமி கும்பிட வந்தோமா?

ஒர்க்‌ஷாப் மாஸ்டர் எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அவருக்குக் கோபமே வராது. அதுவே எனக்குக் கோபமாக இருக்கும். “ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கலாமே மாஸ்டர்” என்று கேட்டால், “இன்ஸ்பெக்‌ஷன் வருது நைனா, அது முடியட்டும், ஆளுக்கு ஒரு நாளு தரேன்” என்பார். இன்ஸ்பெக்‌ஷன் வரும், போகும். அடுத்தது வந்து நிற்கும். அதுவரை கரும்பலகையில் லேத்தை வரைந்து, பாகங்களின் பெயரை ஒப்பிக்க வைப்பார். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பாகத்துக்கு சக் என்று பெயர். அதை இறுக்குகிற சாவி எங்கள் மெஷினில் எப்போதும் சக்கிலேயே செருகிக் கிடக்கும். கழற்றி வைத்தால் தொலைந்துவிடும், வருகிற அதிகாரிக்குப் பதில் சொல்ல முடியாது என்பது மாஸ்டர் கணக்கு. துடைத்து முடித்ததும் மறக்காமல் செருகிவிட வேண்டும். அந்தக் கல்லூரியில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

என் அப்பா விசைப்படகில் போகிறவர். “கடலு என்னோட போவட்டும்டா. நீ கயுத்துல கார்டு மாட்டிக்கினு கம்பெனிக்குப் போறத நான் பாக்கணும்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிற டர்னர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அன்று படகுக்குப் போகாமல் என்னோடு பஸ் ஏறிவிட்டார். வெளியே டீக்கடையில் காத்திருந்தார்.

உள்ளே ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்துக் கடைந்து காட்டச் சொன்னார்கள். சக்கில் மாட்டினேன், இறுக்கினேன், பழக்கதோஷத்தில் சாவியை அப்படியே விட்டுவிட்டு ஸ்விட்ச்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். சூப்பர்வைசர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். “டேய், சாவிய எடுக்காம போடுறியே! சுத்துனா பறந்து வந்து மண்டையப் பொளந்துடும்டா! எந்தக் காலேஜ்டா நீ?” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதோடு முடிந்தது. வெளியே வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார், டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த வாரமே நானும் படகில் ஏறினேன். சே, இதற்கு எதற்கு ஒரு படிப்பு?

வெகுநாள் கழித்து விம்கோ நகரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து அ, ஆவிலிருந்து கற்றுக்கொண்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். போன மாதம் மாஸ்டர் அங்கே வந்து நின்றார். கல்லூரியை மூடிவிட்டார்களாம், வேலை கேட்டு வந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எனக்கோ பழைய கோபம்தான் வந்தது.

“ஒரு தடவையாவது ஓட்ட வுட்டிருக்கலாமே மாஸ்டர்? எங்கப்பன் கடைசி வரைக்கும் அந்தக் கார்டப் பாக்காமயே பூட்டாரு” என்றேன்.

ஓடிக்கொண்டிருந்த மெஷினை அவர் தள்ளி நின்றே பார்த்தார். “வுட்டா நீங்க எதனா டவுட்டு கேப்பீங்க நைனா. எனக்கு இன்னா தெரியும்? நானும் அங்கதான படிச்சேன். முடிச்சதும் அங்கயே வேலைக்கு வச்சிக்கினாங்க.”

இத்தனை வருஷமாக அவரைத் திட்டுவதற்கென்றே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மொதலாளி கேட்டா, நல்லா ஓட்டுவாருன்னு ஒரு வார்த்த சொல்லிடு. வூட்ல ரொம்பப் பேஜாரா கீது.”

“பொய் சொல்ல மாட்டேன் மாஸ்டர்” என்றேன். எரிச்சல் தீரவில்லை. ஆனாலும் மெஷினை நிறுத்தி, என் இடத்தை விட்டு நகர்ந்து, “வந்து நில்லுங்க” என்றேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.