தைஸ்தோவின் வாரி

எங்கள் பின்லாந்துக் கிராமத்து தைஸ்தோவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஆயுசு முழுக்கத் தான் தோண்டிய சரளைக் குழியை அவனே மூடினான். சரிவைச் சமன் செய்து, நல்ல கறுப்பு மண் கொட்டி, புல்லும் விதைத்தான்.

மூடிய குழியைச் சோதிக்க வந்த அரசு அதிகாரி ஹில்க்கா கத்தினாள்: "இதென்ன உங்க வீட்டுத் தோட்டமா? புல்லு, மண்ணு எல்லாத்தையும் வழிச்செடுங்க. வெறும் மணல்ல பைன் தானா முளைக்கும். நீங்க சும்மா இருந்தாப் போதும்!"

வழித்தான். சும்மா இருக்கத்தான் முடியவில்லை. அடுத்த கோடையில் அவள் வந்தபோது சரிவு, சீவிவிட்ட தலைபோல் வழவழவென்று கிடந்தது.

"முளைச்ச பைன் கன்னெல்லாம் எங்கே?"

"புல்லு வேணாம்னீங்களே... பச்சையா தெரிஞ்சதையெல்லாம் வாரிட்டேன்மா."

அவன் கையிலிருந்த, சீப்புபோல் பல் வைத்த வாரியைப் பிடுங்கித் தன் காரில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுல இன்னொண்ணு இருக்கு," என்றான், பொய் சொல்லத் தெரியாத மடையன்.