கழுத்தில் தேய்த்த தும்பு

மழையில் நனைந்த கயிற்று மிதியடியை மருமகள் வாசலில் உதறினாள். அந்த வாடை வந்ததுமே என் கை கழுத்துக்குப் போயிற்று.

தாயில்லாத என்னை வளர்த்த அத்தைக்குக் கதம்பைத் தொழில், தேங்காய் மட்டையிலிருந்து கயிற்று நார் எடுப்பது. காயலில் மாதக்கணக்கில் அழுகிய தேங்காய்க் கதம்பையைக் கூலிக்கு வரும் தங்கம்மை தடியால் அடித்து, தும்பு என்னும் நாராக்குவாள். அத்தை அதை என் கழுத்தில் தேய்த்துப் பார்ப்பாள். பிள்ளைத் தோல் சிவந்தால் தும்பில் சக்கை இருக்கிறதென்று அர்த்தம். மறுபடி அடிக்க வேண்டும்.

தங்கம்மை நிறைமாதமாக இருந்தபோது ஒருநாள், அத்தை வருமுன் என் கழுத்தில் தேங்காயெண்ணெய் பூசினாள்.

"அனங்காம நில்லு மக்கா."

அத்தை பளபளப்பைக் கண்டுகொண்டாள். கோபப்படவில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளி, எண்ணெய் போகும்வரை என் கழுத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவினாள். தோல் எரிந்தது. பிறகு தும்பை எடுத்து மெல்ல ஒருதரம் இழுத்தாள்.

"பாத்தியா ஏட்டி, செவந்து கெடக்கு. எல்லாத்தையும் மறுபடி அடி."

"அது சாம்பல் தேச்சதும்மா."

"கொச்சுப்பிள்ள கழுத்து பொய் சொல்லுமாட்டி?"

தங்கம்மை வயிற்றைப் பிடித்தபடி தடியை எடுத்தாள்.

மருமகள் மிதியடியை விரித்து, "ரொம்ப முரடா இருக்கா மாமி?" என்றாள்.

"கால் துடைக்கத்தானே," என்றேன்.