அச்செடுத்ததும் அழித்துவிடு

தெருவில் எல்லோரும் எழுத்தாளரம்மா என்று கூப்பிடும் அவளுக்கு வெள்ளைத் திரை என்றாலே ஆகாது. பத்தொன்பது வயதில் தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தபோது அவள் முன்னால் இருந்தது கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நான்கு பேருக்கு ஒரே கணினி. இடம் கொஞ்சம்தான், அதனால் அச்செடுத்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் வந்து கத்துவார். அச்சு இயந்திரத்தின் கறகற சத்தம் ஓய்ந்தால் வேலை முடிந்ததென்று அர்த்தம். அந்தப் பழக்கத்தோடே ஐந்து நாவல்கள் எழுதிவிட்டாள்.

மகள் புதுக் கணினி வாங்கித் தந்தாள். "இதுல எழுதும்மா. தானே சேமிச்சுக்கும். அழிச்சாலும் திரும்ப எடுத்துக்கலாம்."

"இந்த வெள்ளையப் பார்த்தா எனக்கு ஒரு வரி வரமாட்டேங்குதுடி. பழசே போதும்."

பிடித்த பிடியை விடுகிற ஆளா அவள்? மகள் தலையில் அடித்துக்கொண்டு, அந்தப் பழைய மென்பொருளையே தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தாள். அதில் அழித்தால் அழித்ததுதான்.

கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுக்க டாக்டர் நாள் குறித்ததும், "குரல் இருக்கறப்பவே சொல்லிடறேன், நீ அடி" என்றார். பதினாறு நாள் அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பிரேக் பிடிக்காத மலை இறக்கம், பஸ்ஸிலேயே பிறந்த குழந்தை, கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த அவளை முதன்முதலாகக் கண்ணாடியில் பார்த்தது, எல்லாம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் அச்செடுத்தாள். கணினியோடு மகள் வாங்கித் தந்த புது அச்சு இயந்திரம் சத்தமில்லாதது. தாள்கள் கவிழ்ந்து விழுந்தன. வாசலில் மகள் ஹாரன் அடித்தாள். தாள்கட்டை அப்படியே உறையில் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கோப்பை அழித்தாள்.

பத்து நாள் கழித்து வீடு திரும்பிய கணவர் தாள்களுக்காகக் கையை நீட்டினார். உறையைப் பிரித்தால், எட்டாம் பக்கத்தோடு மை தீர்ந்திருந்தது. மீதி எழுபது தாளும் வெறும் வெள்ளை. "பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கழுத்தில் போட்ட துளை வழியாகக் காற்றுதான் வந்தது. எழுதிக் காட்டலாமென்றால், ஸ்டியரிங் பிடித்த அந்தக் கைக்குக் கையெழுத்துக்கு மேல் எதுவும் ஓடாது.

நினைவிலிருந்து மறுபடி அடித்து வாசித்துக் காட்டினாள். சரியென்றால் தலையாட்டுவார், தப்பென்றால் கட்டிலைத் தட்டுவார். முதல் வாரம் தட்டு தட்டென்று தட்டி அவளைப் படாதபாடு படுத்தினார். பிறகு தட்டுவது குறைந்தது. சந்தேகப்பட்டு, ஒருநாள் வேண்டுமென்றே மாற்றி வாசித்தாள்: "அவ முன் சீட்டுல உட்கார்ந்திருந்தா."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சிரித்து, சரியென்று தலையாட்டினார்.

இன்னும் எத்தனை இடத்தில் அப்படித் தலையாட்டினாரோ. அவர் போய் இரண்டு வருடமாகிறது; புத்தகமும் வந்துவிட்டது. இந்தத் தடவை கோப்பை அவள் அழிக்கவில்லை. தினமும் திறந்து, எது அவர் சொன்னது, எது தான் போட்டது என்று தேடுகிறாள். கடைசி சீட்டு வரியில் மட்டும் சந்தேகமில்லை. அங்கே வந்ததும் நிறுத்திவிடுகிறாள்.