சரிபார்த்தவர்: மரியதாஸ்

ரீட்டாவின் அழைப்பு வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். மரியதாஸின் மனைவி ரீட்டா காலை நேரத்தில் ஒருநாளும் என்னை அழைத்ததில்லை. “மிஸ், இவர் எழும்பல்ல மிஸ். தேத்தண்ணி கொண்டுவந்து வச்சிட்டுக் கூப்பிட்டன். எழும்பல்ல” என்றார். மீனை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் வீடிருக்கும் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். யாரோ எழும்பி இடம் தந்தார்கள். மரியதாஸ் இதைக் கேள்விப்பட்டிருந்தால், “மிஸ் அழுதாவா? எனக்குப் பார்க்கக் கிடைக்கல்லயே” என்று சிரித்திருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். எங்கள் நிறுவனம் ட்ரக்டர்களை இறக்குமதி செய்து, அவற்றின் பின்னால் இழுபடும், சாமான் கொட்டத் தூக்கி இறக்கும் பெட்டிகளை இங்கேயே செய்து விற்கிறது. நான் படம் வரையும் பொறியியலாளர். அவர் அந்தப் பெட்டிகளைத் தூக்கும் எண்ணெய் ஓடும் றப்பர் ஹோஸ்களை வெட்டி, முனையில் பூட்டு அழுத்தித் தருபவர். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் நான் மாடியில், அவர் கீழே. அந்தப் படிக்கட்டு எனக்குப் பெரிய விஷயமாக இருந்த காலமும் உண்டு. ஒளிப்பானேன்?

வெடித்துத் திரும்பி வரும் எந்த ஹோஸையும் அவர் குப்பையில் போடமாட்டார். நீளவாக்கில் கீறித் திறந்து, எந்த இடத்தில் போனது என்று பார்ப்பார். அனேகமாக வெளியிலிருந்துதான் போயிருக்கும். பெட்டி திரும்பும்போதெல்லாம் இரும்பு விளிம்பில் உரசி உரசி, றப்பர் தேய்ந்து உள்ளே கம்பி தெரியும். “பாருங்க மிஸ், இது வெடிக்கல்ல. நாங்க விட்ட இடத்துல கிடந்து தேஞ்சு செத்திருக்கு” என்பார். அதனால் பழைய ஹோஸில் ஒரு முழம் வெட்டி, புதிய ஹோஸுக்கு உரசும் இடத்தில் சட்டையாகப் போட்டுவிடுவார். எண்ணெய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். அழுத்தத்தோடு பாயும், கண்ணுக்குத் தெரியாத கசிவு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அவர் சட்டைப் பையில் எப்போதும் சவர்க்காரப் பெட்டியின் மட்டை ஒன்று இருக்கும். அதைத்தான் ஹோஸின் ஓரமாக நகர்த்திப் பார்ப்பார்.

எனக்கும் அவருக்கும் இடையில் நடந்ததைச் சொல்லாமல் இந்த அஞ்சலி முடியாது. தூக்கிய பெட்டியை இறக்கும்போது அது தொப்பென்று விழுகிறது என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். அதற்கு ரெஸ்ட்ரிக்டர் என்ற சின்னப் பித்தளை வில்லை உண்டு. நடுவில் ஊசித் துளை. எண்ணெய் அந்தத் துளையால் மட்டும் திரும்புவதால் பெட்டி ஆறுதலாக இறங்கும். அதை ஹோஸின் ட்ரக்டர் பக்கத்து முனையில், வால்வுக்கு அருகே பொருத்துமாறு நான் படம் வரைந்தேன். கை எட்டும் இடம், கழற்றித் துப்புரவாக்குவது லேசு. படத்தின் மூலையில் ‘வரைந்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் நானே கையெழுத்துப் போட்டேன். என் படத்தைப் பார்க்க இன்னொருவர் எதற்கு என்பது அக்காலத்து என் எண்ணம்.

ஏழு பெட்டிகள் விற்றுப் போன பிறகு, மரியதாஸ் படத்தோடு மாடிக்கு வந்தார். “மிஸ், இந்த ஹோஸ் வெடிச்சா என்ன நடக்கும்?”

“ஏன் வெடிக்குது? நீங்கள் ஒழுங்கா அழுத்தினா ஏன் வெடிக்கப்போகுது? ஹோஸை நீங்கள் பாருங்கோ, படத்தை நான் பாக்கிறன்” என்றேன். அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் தேநீர் வேளையில் எல்லோரையும் கூப்பிட்டார். கம்பத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பா. அதிலிருந்து பூமரத்துக்குத் தண்ணீர் விடும் குழாய். குழாயின் கீழ் முனையில் வில்லையைப் பொருத்தியிருந்தார். தண்ணீர் நூலாக வடிந்தது. “இது மிஸ்ட படம்” என்று சொல்லிவிட்டுக் குழாயின் நடுவில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டினார். பீப்பாவே கவிழ்ந்ததுபோல் தண்ணீர் கொட்டியது. பிறகு வில்லையைப் பீப்பாவின் வாயில் வைத்து இன்னொரு குழாயைப் பூட்டினார். அதையும் வெட்டினார். வெட்டிய இடத்திலும் நூலாகத்தான் வடிந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பீப்பா என்பது பெட்டியைத் தூக்கிப் பிடிக்கும் சிலிண்டர். வில்லை சிலிண்டரின் வாயில் இருந்தால் ஹோஸ் எங்கே வெடித்தாலும் பெட்டி மெதுவாகத்தான் இறங்கும். என் படத்தின்படி செய்த ஏழு பெட்டிகளும், ஹோஸ் வெடித்தால், அடியில் நிற்பவர் தலையில் ஒரே விழுகையாக விழும். விளங்கியும் நான் மாடிக்குப் போய்க் கதவை அடைத்தேன். எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டான் மனிதன் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கக்கேடான நினைப்பு. அன்று நினைத்தது அதுதான்.

பின்னேரம் அவர் வந்து கதவைத் தட்டினார். “மனேஜரிட்ட நீங்க சொல்லுங்க மிஸ். நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன். ஆனா நீங்க சொன்னாத்தான் அழகு.” நான் சொன்னேன். மனேஜர், அடுத்த சேவைக்கு வரும்போது மாற்றலாமே என்று இழுத்தார். “அதுவரைக்கும் அடியில போகாதீங்க எண்டு ஏழு பேருக்கும் நீங்க கடிதம் எழுதுவீங்களா சேர்?” என்று மரியதாஸ் கேட்டார். மறுநாள் விடிய வேன் புறப்பட்டது. நானும் போனேன்.

ஏழாவது பெட்டி பொலன்னறுவைப் பக்கம். நாங்கள் போய் இறங்கியபோது பெட்டி தூக்கியபடி நின்றது. சாரதி அதற்கு அடியில் குந்தியிருந்து சேறு சுரண்டிக்கொண்டிருந்தார். “மல்லி, எளியட்ட எண்ட! இக்மனட்ட!” தம்பி, வெளியே வா, சீக்கிரம் என்று மரியதாஸ் சிங்களத்தில் போட்ட சத்தத்தில் வயலில் நின்றவர்களும் திரும்பினார்கள். சாரதி சிரித்துக்கொண்டே வந்தார். பெட்டிக்கு மரக்குற்றியால் முட்டுக்கொடுத்துவிட்டு ஹோஸைப் பார்த்தோம். அவர் போட்ட சட்டை நழுவியிருந்தது; விளிம்பில் உரசிய இடத்தில் றப்பர் இல்லை, கம்பி இரண்டு மூன்று இழை அறுந்திருந்தது. மரியதாஸ் மட்டையை அருகில் கொண்டுபோனார். மட்டையில் எண்ணெய்க் கோடு விழுந்தது. நான் வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்குத் தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டு, வேலை முடியும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

திரும்பி வந்ததும் படத்தை மாற்றி வரைந்து கீழே கொண்டுபோய், ‘சரிபார்த்தவர்’ கட்டத்தைக் காட்டினேன். “நான் ஓ.எல். சோதனை கூடப் பாஸ் இல்ல மிஸ்” என்றார். “அதை ஆர் கேட்டது? வெடிச்சா என்ன நடக்கும் எண்டு கேளுங்கோ” என்றேன். அன்றிலிருந்து என் படம் எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் அவருடைய கோணல் கையெழுத்துத்தான். எத்தனை தரம் பிழை பிடித்தார் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தரமும் எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு தரமும் திருத்தினேன்.

பொரளை மயானத்தில் அவரை அடக்கம் செய்த பின் ரீட்டா அந்தச் சவர்க்கார மட்டையை என்னிடம் தந்தார். வாங்கவில்லை. அது பிள்ளைகளிடம் இருக்கட்டும். நான் எடுத்துக்கொண்டது அவருடைய கேள்வியை.

கடந்த திங்கட்கிழமை ஒரு புதிய படம் முடித்தேன். மூலைக் கட்டம் வெறுமையாக இருந்தது. கீழே போய், இப்போது ஹோஸ் அழுத்தும் ரிஸ்வானிடம் நீட்டினேன். “நீங்க போட்டதுதானே மிஸ், சரியாத்தான் இருக்கும்” என்றார்.

“சரியெண்டு சொல்ல வேண்டாம். பிழை எங்கையெண்டு தேடுங்கோ.”

அரை மணித்தியாலம் கழித்து என் கதவு தட்டப்பட்டது. பிழை இருந்தது.