அவர் குரலுக்கு வாங்கிய பெட்டிகள்

என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டினார். விடியற்காலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார், பொழுது சாயக் கீழே கொண்டுவந்து விடுவார். வளைவுகளில் வண்டி திணறித் திணறி ஏறும்போது பாட ஆரம்பிப்பார். தெம்மாங்கு, கும்மிப்பாட்டு, மாரியம்மன் பாட்டு, எது கேட்டாலும் பாடுவார். கல்யாணத்துக்கு முன்பு நானும் அந்த ஜீப்பில் போனவள்தான். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய பின்கழுத்தும் குரலும்தான் முதலில் பழக்கமாயின. முகத்தை நேராகப் பார்த்தது அதற்குப் பிறகு.

எண்பதுகள் தொடங்கியபோது போடியில் டீக்கடைக்கு டீக்கடை டேப்ரிக்கார்டர் வந்துவிட்டது. தோட்டத்துப் பெண்கள் அவரை விடவில்லை.

"அண்ணே, ஒங்க பாட்டையும் ஒரு கேசட்டுல போட்டுக் குடுங்கண்ணே. வீட்டுல வச்சுக் கேப்போம்ல."

மதுரையில் பாட்டுப் பதிகிற இடம் ஒன்று இருந்தது. அங்கே போய் விசாரித்தவர், திரும்பி வந்து அவர்கள் கேட்ட கூலியை மட்டும் சொன்னார். நமக்கு அது கட்டாது என்று புரிந்துகொண்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "நம்ம பின்கட்டு அறையிலயே பதிஞ்சா என்ன?" என்றார்.

துபாய்க்குப் போய்வந்த அவருடைய சித்தப்பா மகனிடமிருந்து ஒரு டேப் டெக்கும் மைக்கும் கிடைத்தன. ஆம்ப்ளிபயரை ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் பூட்டிக் கொடுத்தார். நான் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே கழித்துப் போட்ட சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தேன். சுவரெல்லாம் இரண்டு மடிப்பாகச் சாக்கு தொங்கவிட்டு ஆணி அடித்தோம். கதவைச் சாத்திவிட்டுப் பேசினால் பேச்சு வாயோடு நின்றுவிடும், எதிரொலி இருக்காது. ஏலக்காய் வாசனை மட்டும் மூக்கில் ஏறும்.

பதிந்ததைக் கேட்க நல்ல ஸ்பீக்கர் இல்லை. பழைய ரேடியோவின் ஸ்பீக்கரில் எல்லார் குரலும் மூக்கடைத்த குரலாகவே கேட்டது. ஒருநாள் லீவு போட்டு இரண்டு பேரும் மதுரைக்கு ரயிலேறினோம். அப்போது மகள் என் வயிற்றில் இருந்தாள்.

ஸ்பீக்கர் விற்கிற கடைக்காரர் எங்களைவிட இளையவர். முதலில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைப் போட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்துக் கொடுத்து, "இதப் போடுங்க தம்பி" என்றார். அவரே வீட்டில் பாடிப் பதிந்தது. பெரிய பெட்டியில் அது கிளம்பியபோது தரை அதிர்ந்தது. கோயில் மண்டபத்துக்குள் நின்று பாடுவதுபோலக் குரல் உருண்டு வந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இது நானா? அடேயப்பா. நல்லா இருக்கு தம்பி, ஆனா இது எனக்கு வேணாம்."

"ஏண்ணே? எல்லாரும் இதத்தான கேக்குறாங்க?"

"பாட்டுக் கேக்குறவுகளுக்கு இது சரி. நான் பாடுறவன். தப்பாப் பாடுனா தப்புன்னு பொட்டி சொல்லணும். இது எல்லாத்தையும் மூடி மறச்சிருது."

அடுத்துப் போட்ட ஜோடியில் 'ச' வருகிற இடமெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிந்ததுபோல் இருந்தது. அதுவும் வேண்டாம் என்றார். கடைக்காரர் சலித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய், மேலே தூசி படிந்த இரண்டு கறுப்புப் பெட்டிகளைத் தூக்கி வந்தார். காகிதக் கூம்பு, மேலே கீச்சு ஒலிக்கென்று சின்னதாக ஒரு ட்வீட்டர், எந்த மினுக்கும் கிடையாது.

"இது ரொம்ப நாளாக் கெடக்குண்ணே. சப்புன்னு இருக்குதுன்னு யாரும் வாங்க மாட்டேங்குறாங்க. வெலையும் கம்மிதான்."

அதே கேசட் ஓடியது. முதலில் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பிறகு, பாட்டு தொடங்கும் முன் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. எங்கள் தெருவில் போன மாட்டு வண்டி கேட்டது. அறைக்குள் ஓரமாக உட்கார்ந்திருந்த என் வளையல் சத்தம்கூடக் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. ஜீப்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்து பாடிய அதே குரல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இதுதாங்க நீங்க" என்றேன்.

"அப்ப இதயே எடுப்போம்" என்றார்.

ரயிலில் ஆளுக்கொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். என் மடியில் இடம் பற்றாமல் பெட்டி முழங்கால் பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. வீட்டில் செங்கல் அடுக்கி, சுவரை ஒட்டாமல் தள்ளி, இரண்டும் எங்கள் காதைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். பதிந்த பாட்டைக் கேட்டுவிட்டு, "இந்த எடத்துல இழுத்துட்டேன்" என்று மறுபடி பாடுவார். அந்த ஐப்பசி மழையில் மெட்டுக்கு வண்டி போகாத நாட்களெல்லாம் எங்களுக்குப் பாட்டாகவே கழிந்தன. அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

மகள் பிறந்து நான் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது, அவர் பாட்டு மேல் ஸ்தாயிக்குப் போகிற இடங்களில் ஒரு கரகரப்பு வரத் தொடங்கியிருந்தது. மணலில் செருப்பைத் தேய்த்ததுபோல. பெட்டியின் கூம்பு கிழிந்துவிட்டது என்றார். இடது பெட்டியை வலது பக்கம் மாற்றிப் பார்த்தார். ஒயரை மாற்றினார். மைக்கைப் பஞ்சு வைத்துத் துடைத்தார். கரகரப்பு போகவில்லை.

"பொட்டியில இல்லீங்க. ஒங்க தொண்டையில இருக்கு. பேசும்போதே கேக்குது எனக்கு."

"மலக் குளிரு புள்ள. சளி. நீ சோலியப் பாரு."

பீடியைக் குறைத்தார், சுக்குத் தண்ணீர் குடித்தார். குரல் தேறவில்லை. கடைசியில் பெட்டிகளை மாற்றிக்கொண்டு வருவதென்று போர்வையில் கட்டினார். நானும் வருவேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மகளுக்கு அப்போதுதான் தலை நிற்கத் தொடங்கியிருந்தது.

கடைக்காரருக்கு எங்களை நினைவிருந்தது. பெட்டிகளை மாட்டி, ஒரு பெண் பாடிய கேசட்டைப் போட்டார். பாட்டு சுத்தமாக வந்தது. நாதஸ்வரம் போட்டார். அதுவும் சுத்தம். பிறகு என் வீட்டுக்காரர் தன் கேசட்டை நீட்டினார். அது பாதி ஓடும்போதே கடைக்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டார். கடையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணே, பொட்டி நல்லாத்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். "நீங்க ஒருக்கா தொண்ட டாக்டரப் பாத்துட்டுப் போயிருங்க. எங்க அப்பாவுக்கும்…" கேசட்டை வெளியே எடுத்து நீட்டினார்.

என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவற்றின் மேல் அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். குனிந்து, மறுபடி போர்வையில் கட்டினார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட்டிகளை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுக் காத்திருந்தோம். டாக்டர் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக் கண்ணாடி விட்டுப் பார்த்தார். மறுபடி வரச் சொல்லி, சதை எடுத்துச் சோதித்தார். குரல்வளையில் கட்டி. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்.

"அதுக்கப்புறம் பாட முடியாதுங்களா?"

"பேச்சே வராதுப்பா. கழுத்துல ஓட்ட போட்டு அது வழியாத்தான் மூச்சு விடணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். "சரிங்க, எடுத்துருங்க" என்றார். வீட்டுக்குப் போய் வர மட்டும் கொஞ்சம் அவகாசம் கேட்டார்.

ஆபரேஷனுக்கு முன்பு இருந்த நாட்களில் தெரிந்த பாட்டையெல்லாம் பாடிப் பதிந்தார். கரகரப்போடுதான். சில பாட்டில் குரல் நடுவிலேயே அற்றுப்போகும். தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுப்பார். கடைசியாக ஒரு கும்மிப்பாட்டு. பின்பாட்டுக்கு ஆள் வேண்டும் என்று என்னை மைக் முன்னால் நிற்க வைத்தார். அதுவரை நான் மைக்கில் பாடியதே இல்லை. பாடி முடித்து, இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். அவர் டேப்பை நிறுத்தினார்.

"அழுக கேக்குது புள்ள. இன்னொருக்காப் பாடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பாடினேன். அதிலும் கேட்டது. அவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். கழுத்துத் துளைமேல் மெல்லிய துணி கட்டிக்கொண்டு வீடு திரும்பினார். தூசிக்கும் பனிக்கும் ஆகாது என்பதால் ஜீப் போயிற்று. நான் வேலை பார்த்த ஏலக்காய்க் கடையிலேயே அவருக்கு மூட்டைகளை எடை போடும் வேலை கொடுத்தார்கள். பின்கட்டு அறைப் பக்கம் அவர் வெகுநாள் போகவில்லை. ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பஜனைக் கூட்டம் வந்து, எங்கள் பாட்டைப் பதிந்து தாருங்கள் என்று கேட்டபோதுதான் கதவைத் திறந்தார். அவர்கள் பாட, அவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டு, தப்பிய இடத்தில் கையைத் தூக்கி நிறுத்துவார். விரலாலேயே ஏற்றம் இறக்கம் காட்டுவார். குரங்கணியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். தன் கேசட்டுகளை மட்டும் அவர் தொடவில்லை. நானும் போடவில்லை.

மகளுக்கு ஐந்து வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளாகவே ஒரு கேசட்டை எடுத்துப் போட்டுவிட்டாள். அடுப்படியில் இருந்த நான் எழுந்துவிட்டேன். ஜீப்பில் கேட்ட குரல் வீடு முழுக்க நிறைந்தது. ஓடிப்போய் நிறுத்தப் போனேன். அவர் வாசற்படியில் நின்று, வேண்டாம் என்று கையசைத்தார்.

"இது யாரும்மா பாடுறது?" என்றாள்.

"ஒங்க அப்பாதான்."

அவள் பெட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். "பொய்யி. அப்பாவுக்குத்தான் பேசவே வராதே!"

அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் கழுத்துத் துணி படபடவென்று அடிக்கும், சத்தம் இருக்காது. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பாட்டுக்கு ஏற்றபடி உதட்டை அசைத்துக் காட்டினார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தாள். விரலால் உதட்டைத் தொட்டாள். பாட்டு முடிகிற வரை அவர் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார், ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

கட்டி அடுத்த வருஷம் திரும்ப வந்தது, இந்த முறை நெஞ்சில். தை மாதத்தில் அவர் போய்விட்டார். அப்பாவுக்குப் பாட வரும் என்று மகள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். துக்கம் கேட்கத் துட்டிக்கு வந்த அவளுடைய டீச்சர், "உங்க வீட்டுக்காரர் நல்லாப் பாடுவாராமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆமாம் என்று தலையாட்டினேன்.