வக்காலத்துத் தந்த குரல்

கல்முனை பிரதான வீதியில் எனது அரிசிக் கடைக்குப் பக்கத்துக் கடை என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. கைத்தொலைபேசி, கணினி, சார்ஜர், கண்ணாடி உறை எல்லாம் விற்பான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருகிறவர்கள் சிலர் அவன் கடை வாசலில் நின்று, இன்னும் சந்தைக்கு வராத ஃபோன்களைப் பற்றி வாதாடுவார்கள். வாங்குகிறவர்கள் அல்ல. ஆனாலும் வரப்போகிற சாமானுக்கு இவர்களைக் கேட்டுத்தான் பெயர் வைப்பார்கள், விலை போடுவார்கள் என்பதுபோல் கதைப்பார்கள்.

அன்றைக்கும் மச்சான் தன் கணினித் திரையைத் திருப்பி வைத்து, அடுத்ததாக வரவிருக்கும் ஒன்றைக் காட்டினான்.

"பேரப் பாருங்க. புரோ, மறுகா மெக்ஸ், மறுகா அல்ட்ரா. ஆள விடப் பேரு நீட்டு" என்றார் சாய்ந்தமருதிலிருந்து வரும் தோணிக்காரர்.

"அடுத்த வரிசம் ஹாஜியார் எண்டும் சேர்ப்பான், நம்மட ஆக்கள் கியூவில நிப்பாங்க" என்றான் மச்சான்.

"விலை என்னடா?"

மச்சான் சொன்னான். தோணிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"இந்தக் காசுக்குக் குர்பானுக்கு அறுக்க நல்ல மாடு ரெண்டு வாங்கலாம். மாடெண்டாலும் நன்மை கிடைக்கும்."

"மாடு உங்களுக்குப் பதிலா கதைக்காதே, காக்கா. இது கதைக்கும். உங்கட குரலப் படிச்சு வெச்சிக்கும். நீங்க வேலையா இரிந்தா, வாற ஃபோன் கோலுக்கு உங்கட குரல்லயே பதில் சொல்லும்."

"அப்ப நான் கடலுக்குப் போனா, வீட்டுக்காரிட்ட ஏச்சு வாங்குறதும் அதுதானா?"

"ஓம், முழுசா வாங்கும்."

"அப்ப மாட்ட வித்தாவது எடுக்கணும்."

எல்லோரும் சிரித்தோம். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் எனக்கு என்னவோ போல் இருந்தது. மனிதனின் நாவுக்கு இரு பக்கமும் வானவர்களான மலக்குகள் இருந்து எழுதுகிறார்கள் என்று நம்புகிறவன் நான். இந்தச் சாமான் சொல்லுகிற பொய்யை ஆருடைய ஏட்டில் எழுதுவார்கள்? கேட்டால் மச்சான் என்னைக் கேலி பண்ணுவான். கேட்காமல் கடைக்குள் போய்விட்டேன்.

கட்டாரில் சாரதியாக இருக்கும் என் தம்பியிடம் இங்கு வருமுன்பே அந்த ஃபோன் போய்விட்டது. அவன் மகளின் நிக்காஹ் பேசி முடிந்திருந்த நேரம். அண்ணனான எனக்குக் கோல் எடுத்துப் பெருமையாகச் சொன்னான்.

"காக்கா, நான் வாசிச்சு வாசிச்சு என்ட குரலக் குடுத்துட்டன். வீட்டு ஆக்கள்ற விசயமெல்லாம் சொல்லி வெச்சிரிக்கன். வண்டி ஓடக்குள்ள ஃபோன் தொட்டா இஞ்ச வேலையை விட்டுத் தூக்கிருவாங்க. இனி அந்தக் கரைச்சல் இல்ல."

"நிக்காஹ்வுக்கு லீவு கிடைக்குமாடா?"

"கேட்டன். இல்ல எண்டுட்டானுகள். வக்காலத்துத் தாறன், நீங்களே நடத்தி வையுங்க."

பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் உரிமை வலி, அதாவது அவளுக்குப் பொறுப்பாளரான வாப்பாவுடையது. அவர் தூரத்தில் இருந்தால், தனக்குப் பதிலாக இன்னார் செய்து வைக்கட்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். அதுதான் வக்காலத்து. எங்கள் ஊர்களில் அரைவாசி வாப்பாமார் வெளிநாட்டில். ஆகவே ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு, மௌலவியும் இரண்டு சாட்சிகளும் காதால் கேட்டு, நிக்காஹ்வை நடத்துவது வழக்கமாகிவிட்டது. குரல் கேட்டால் ஆள் இருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

நிக்காஹ் அன்று தம்பி கட்டிய வீட்டு மண்டபத்தில் பாய் விரித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் அஸருக்கு முன்பே வந்துவிட்டார்கள். அறைக்குள் பெண்கள் சூழ மகள் உடுத்து இருந்தாள். தொழுகைக்கு முன் வக்காலத்தை எடுத்துவிடுவோம், தொழுதுவிட்டு வந்து நிக்காஹ் என்றார் மௌலவி. நான் ஃபோனைப் பாயின் நடுவில் வைத்து அழைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா."

தம்பியின் குரல். அதே கட்டைக் குரல், மூச்சு வாங்கும் இடம்கூட அதேதான். மௌலவி முறைப்படி கேட்டார். மகளை இன்னாருக்கு, மாப்பிள்ளை தரும் இன்ன மஹருக்கு நிக்காஹ் செய்துவைக்க உங்கள் காக்காவுக்கு வக்காலத்துத் தருகிறீர்களா என்றார்.

"ஓம் மௌலவி. முழுச் சம்மதம். வக்காலத்துத் தாறன்."

சாட்சிகள் தலையாட்டினார்கள். மாப்பிள்ளையின் வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அந்த நேரம் பள்ளியில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது.

எங்கள் ஊரில் பாங்கு கேட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும். பேரம் பேசுகிறவன் பாதியில் நிற்பான், ஏசுகிறவனும் நிற்பான். பாங்குக்குப் பதில் சொல்லும் முணுமுணுப்பு மட்டுமே மண்டபத்தில் இருந்தது. என் தம்பி சிறு வயதிலிருந்தே இதில் எங்கள் எல்லோரையும்விடப் பேணுதலானவன். ஃபோனில் எங்கள் பள்ளிப் பாங்கு கேட்டால் அங்கே அவன் பேச்சை நிறுத்திவிடுவான். முடிந்தபிறகுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "நம்மட பாங்கு" என்று சொல்லுவான்.

பாயின் நடுவிலிருந்து குரல் வந்தது.

"காக்கா, கேக்குதா? வேற ஏதும் இரிக்கா?"

ஆரும் அசையவில்லை. பாங்கு போய்க்கொண்டிருந்தது.

"காக்கா, சத்தம் இல்ல. நான் வக்காலத்துத் தந்துட்டன். கலியாண வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

மௌலவி கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். பாங்கு முடிந்து துஆவும் ஓதியபின் குனிந்து கேட்டேன்.

"தம்பி, நீயா கதைக்காய்?"

"ஓம் காக்கா, நான்தான்."

"பாங்கு கேக்கல்லியா உனக்கு?"

"கேட்டிச்சி காக்கா. மாஷா அல்லாஹ், நல்ல குரல்."

"நீ இப்ப எங்க நிக்காய்?"

"வேலையில நிக்கன் காக்கா. அவசரமெண்டா சொல்லுங்க, நான் அவருக்குச் சொல்லி விடுறன்."

"எவருக்கு?"

"உங்கட தம்பிக்கு."

அறைக்குள் ஒரு பெண் "யா அல்லாஹ்" என்றது வெளியே கேட்டது. நான் ஃபோனை வெட்டிவிட்டுத் திரும்ப எடுத்தேன். அதே சலாம், அதே அன்பு. திரும்பவும் எடுத்தேன். தம்பியிடம் ஃபோனைக் கொடு, தம்பி வேண்டும் என்று கத்தினேன். "கோவிக்காதீங்க காக்கா, நான்தான்" என்றது. என் கூடப் பிறந்தவனிடம் போகும் வாசலில் அவனுடைய குரலே நின்று என்னைத் தடுத்தது. மாப்பிள்ளை பட்டுத் தொப்பியோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க பெரியப்பாதானே, நீங்களே செஞ்சு வையுங்களன்" என்றார் ஒருவர்.

"வாப்பா உசிரோட இரிக்காரு. அவர்ர சொல் இல்லாம ஏலா" என்றார் மௌலவி. "இந்தச் சாமானுக்கு மனசில வைக்கிற நிய்யத்து இல்ல. இது தந்தது வக்காலத்தும் இல்ல."

தம்பியோடு ஒரே அறையில் தங்கும் சம்மாந்துறைக்காரர் ஒருவரின் இலக்கத்தை மச்சான் எங்கெங்கோ கேட்டு எடுத்தான். அந்தியில் மஃரிப் தொழுது வந்தபின்தான் அவர் ஃபோனில் தம்பி கிடைத்தான். படமும் தெரிந்தது. வெயிலில் கறுத்த முகம், சட்டைக் கழுத்தில் வியர்வை.

"காக்கா, நான்தானே அதுக்குச் சொல்லிக் குடுத்தன்! இண்டைக்கு காக்கா எடுப்பாரு, மௌலவி கேட்டா இப்பிடிச் சொல்லு எண்டு எல்லாம் சொல்லி வெச்சன். சம்மதம் என்டதுதானே. அது தூது மாதிரித்தானே?"

அவன் ஏமாற்றவில்லை. மகளின் நிக்காஹ் தன்னால் தடைப்படக்கூடாது என்று நினைத்திருக்கிறான். கடிதம் கொடுத்து அனுப்பியதுபோல் நினைத்துவிட்டான்.

"சரி, இப்ப உங்கட வாயால சொல்லுங்க" என்றார் மௌலவி.

அவன் சொன்னான். சொல்லும்போதே அழுதான். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் வாப்பா மெல்லக் கேட்டார்.

"இது ஆளெண்டு எப்பிடி நம்புற? குரலச் செஞ்சவனுக்கு முகத்தச் செய்ய ஏலாதா?"

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவன் தலை குனிந்துகொண்டான்.

"அடுத்த மொடலுக்கு முகமும் வரும் எண்டு நானேதான் கடையில சொல்லிக்கிட்டு இரிக்கன்" என்றான்.

மௌலவி என் பக்கம் திரும்பினார். "உங்கட கூடப்பிறந்தவர். இது அவர்தான் எண்டு அல்லாஹ்வ முன்வெச்சு சாட்சி சொல்லுவீங்களா? சொன்னா நான் ஓதி வைக்கன்."

திரையில் என் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். என் மனம் அவன்தான் என்றது. ஆனால் அஸருக்கு முன்பும் அதே மனம் அப்படித்தான் சொன்னது. பொய்ச் சத்தியம் ஆகிவிட்டால், அந்தப் பிள்ளை காலமெல்லாம் நிக்காஹ் இல்லாமல் ஒருவனோடு வாழ்ந்த பாவம் என் கழுத்தில். நான் வாயைத் திறந்தேன்.

"காக்கா" என்றான் அவன். "நான்தான் காக்கா."

அந்தச் சாமான் சொன்ன அதே சொல். தலையை இல்லை என்று ஆட்டினேன்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். சண்டை பிடிக்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வாப்பா வந்தபின் பார்ப்போம் என்றார்கள். சோறு போட்டு மூடிய சஹன்கள் அப்படியே இருந்தன. அறைக்குள் அழுகைச் சத்தம் எழுந்து, ஆரோ கதவைச் சாத்தினார்கள்.

தம்பி வேலையை விட்டுவிட்டு வந்தான். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் வாயால் மகளைக் கொடுத்தான். அல்லாஹ்வின் கிருபை, அவர்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். அவன் மட்டும், கூடியிருந்து உண்ணும் என் சஹனில் வந்து குந்தவில்லை. வேறு வேலை பிடித்து மறுபடியும் கட்டாருக்குப் போகிற அன்று வாசலில் நின்று சொன்னான்.

"அண்டைக்கு நான் அழுததப் பாத்தீங்க. பாத்தும் தலையாட்டினீங்க. அந்நியன் சொன்னா தாங்குவன்."

சலாமும் சொல்லாமல் வண்டியில் ஏறினான். நான் எடுத்தால் ஃபோன் அடித்து ஓயும். ஒவ்வொரு தொழுகையிலும் அவனுடைய மனதை இளக்கித் தா என்று கேட்டேன்.

இப்போது கொஞ்ச நாளாக அவனே எடுக்கிறான். வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பிறகு. நேற்றும் எடுத்தான். என் முழங்கால் வலியை விசாரித்தான். அரிசி விலை கேட்டான். மகள் உண்டாகியிருக்கிறாளாமே, துஆச் செய்யுங்கள் என்றான். கோபத்தின் சாயல்கூட இல்லை. அவ்வளவு இனிமையாக அவன் என்னோடு எந்தக் காலத்திலும் கதைத்ததில்லை.

என் துஆ ஏற்கப்பட்டுக் கபூலாகிவிட்டதென்று நன்றி சொல்லி ஷுக்ர் செய்ய வேண்டியவன், ஃபோனைக் காதில் வைத்தபடி குசினிப் பக்கமாகத் திரும்பி நின்றேன். மீனைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரு கதைக்கிற?" என்று கேட்டாள்.

தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.