இரண்டு இடது கைகள்

எங்கள் தையல் கடையில் துணி வெட்டும் அண்ணனுக்கு மில்லிமீட்டர் என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். அளவு கொடுக்க வந்தவர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால், "மூச்சை விடுங்க சார், தொப்பையை வீட்டிலயா வச்சிட்டுப் போகப் போறீங்க?" என்பார். பதினோரு வருஷமாக அவர் வெட்டுவதை நான் தைக்கிறேன். ஒரு நூல் பிசகியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே சட்டைக்கு இரண்டு இடது கைகளை வெட்டிக் கொடுத்தார். துணியை மடித்து வெட்டினால் வலதும் இடதுமாக ஜோடி விழும். இவர் மடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெட்டியிருக்கிறார். வேலை பழக வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர, எது தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"காலையிலயே ஏத்திட்டு வந்துட்டான்" என்றார் முதலாளி.

எனக்கு வந்ததே கோபம். "வாயை மோந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க!"

மூன்று வாரமாக அண்ணனுக்குத் தலைவலி, சாயங்காலமானால் காய்ச்சல். அளவு டேப்பையே நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்த மனிதர். அன்று மேசையோரமே வாந்தி எடுத்தார். குனியவும் முடியவில்லை, கழுத்து மரக்கட்டையாக நின்றது. அவருடைய அக்காவை வரவழைத்து, இருவருமாக வண்டியில் ஏற்றினோம். வழியில் என்னைக் காட்டி, "இந்தம்மா யாரு?" என்று அக்காவிடம் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விசாரித்தார். "வேற வியாதி ஏதும் இருக்கா? மாத்திரை எதாவது சாப்பிடுறாரா?"

"ஒண்ணும் கிடையாதும்மா. சத்து மாத்திரை சாப்பிடுவான். அதையும் நாலு மாசமா விட்டுட்டான்" என்றார் அக்கா, என் கையைப் பிடித்தபடி.

சத்து மாத்திரையாம்! இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எச்.ஐ.வி. மருந்து வாங்கும் வரிசையில் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மறுநாள் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

டாக்டரைத் தனியே கூப்பிட்டேன். அக்கா கையை விட்டால்தானே? "எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?" என்று கூடவே வந்தார். உள்ளே அண்ணன் பினாத்திக்கொண்டிருந்தார். இனி யோசிக்க நேரமில்லை.

"அது எச்.ஐ.வி. மாத்திரை டாக்டர். நானும் அதைத்தான் சாப்பிடுறேன்."

அக்கா என் கையை விட்டுவிட்டார்.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் டிபி. அன்றைக்கே மருந்தை ஆரம்பித்தார்கள். "பிழைப்பாரா?" என்றேன். "இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா. நீங்க சொன்னதால ரெண்டு நாள் மிச்சம்" என்றார் டாக்டர்.

இரண்டே நாளில் சங்கதி கடைக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் டம்ளரில் டீ, எனக்கு மட்டும் பேப்பர் கப். "டீ குடிச்சா ஒட்டுற வியாதியா இது? டம்ளர்ல குடுங்க!" என்று முதலாளியிடமே சத்தம் போட்டேன். டம்ளர் வந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் வீடு திரும்பினார். ஒரு வருஷம் டிபி மாத்திரை, கூடவே பழைய மாத்திரையும். வலது கை மட்டும் கத்தரியைப் பிடிக்க மறுத்தது. பார்க்கப் போனேன்.

"என் விஷயத்தை யார் சொன்னது?" என்றார்.

"நான்தான்."

"உன்னைப் பத்தியுமா?"

"ஆமா."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தெரு முழுக்க அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மாதம் மருந்து வரிசையில், வழக்கம்போல் முக்காடு போட்டுக் கடைசியில் நின்றேன். முன்னாலிருந்து ஒரு குரல்.

"ஏய் தங்கச்சி! அங்க என்ன ஒளிஞ்சு நிக்கிற? இங்க வா, உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. நடுங்கும் வலது கையை அவர் தூக்கிக் காட்டினார். "பாத்தியா, இப்ப எனக்கே ரெண்டும் இடது கைதான்!"

முக்காட்டை எடுத்துவிட்டு, போய் அவர் பக்கத்தில் நின்றேன்.